ஜமீலாத்தாவின் நாக்கும் ஒரு துண்டு மெழுகும்

1

ஊரிலிருந்து யார் அழைத்தாலும் முதல் கேள்வி மழையைப் பற்றியது, இரண்டாவது மீனைப் பற்றியது. மூன்றாவதற்குச் சற்றுத் தயங்குவார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னும் அந்த ரத்தம் பாக்குற வேலைதானா?" என்பார்கள். நான் மருத்துவம் படித்ததை விருதுநகரில் என் உறவினர் எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். நான் மருத்துவர் என்பதைத்தான் ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை. ஊசி போடாத, மாத்திரை எழுதாத ஒருத்தியை எந்தக் கணக்கில் டாக்டர் என்பது?

போன வாரம் என் சித்தி மகள் இன்னும் ஒரு படி மேலே போனாள். "ஒரே கண்ணாடியை வருசக்கணக்கா உத்துப் பாத்துக்கிட்டு ஒனக்குப் போரடிக்கலையாக்கா? அதுவும் ஊரை விட்டுப் போயி?" என்றாள். அந்தக் கேள்விக்குத் தொலைபேசியில் பதில் சொல்ல முடியவில்லை. ஆகையால் எழுதுகிறேன்.

என் வேலை இதுதான். அறுவை மருத்துவர் உடலிலிருந்து எடுக்கும் சதைத் துண்டை மெழுகில் புதைப்பார்கள். மெழுகுக் கட்டை இறுகியதும் அதை வெங்காயச் சருகினும் மெல்லிய சீவல்களாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயமேற்றுவார்கள். நான் அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, இது இன்ன நோய் என்று எழுதிக் கையெழுத்திடுவேன். என்னைத் தேடி வருபவர்களுக்கு முகம் கிடையாது, எண்தான் உண்டு. பெரும்பாலோர் மிகச் சாதாரணமானவர்கள். எப்போதாவது ஒருவர் மட்டும், பார்வைக்கு ஒன்றாகவும் உள்ளுக்குள் வேறொன்றாகவும் இருந்து என்னை ஏமாற்றப் பார்ப்பார். அந்த ஒருவருக்காகத்தான் மற்ற எல்லாரையும் பொறுமையாகப் பார்க்கிறோம்.

2

கணவருக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்ததால் நாங்கள் மட்டாஞ்சேரிக்கு வந்தோம். எனக்கு எர்ணாகுளத்தில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் இடம் கிடைத்தது. காலையில் படகேறிக் காயலைக் கடந்து போவேன், மாலையில் அதே படகில் திரும்புவேன்.

என் துறைக்குப் பசி அதிகம் என்பதை வாசகர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். பழைய ஆசிரியர்கள் பார்த்த நோய்க்கெல்லாம் சாப்பாட்டுப் பெயரையே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஜவ்வரிசி மண்ணீரல் உண்டு, சாக்லேட் கட்டி உண்டு. இதயம் சோர்ந்து இரத்தம் தேங்கிய ஈரலுக்கு ஜாதிக்காய் ஈரல் என்று பெயர். இதைப் படித்துத் தேர்வெழுதித் தேறிய காலத்தில், பச்சைக் குழந்தைக்கு உரைத்து உரைத்து மழுங்கிய மொட்டைத் துண்டு ஒன்றைத் தவிர நான் ஜாதிக்காயைக் கண்டதில்லை. மட்டாஞ்சேரிக்கு வந்த முதல் வாரம், வாசனைச் சரக்குக் கடை ஒன்றில் முழுக் காயை நறுக்கிக் காட்டச் சொன்னேன். வெட்டு முகத்தில் கருஞ்சிவப்பும் வெளிர் மஞ்சளுமாக வரிகள் பின்னிக் கிடந்தன. "அப்படியே ஈரல்!" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஈரல் இவிட இல்ல சேச்சி. அங்காடியின்டெ அந்தப் பக்கம் கிட்டும்" என்று இறைச்சிக் கடைகள் இருக்கும் திசையைக் காட்டினார்.

இந்த ஊரில் என் மகளுக்கு நேர்ந்ததையும் சொல்லவேண்டும். தமிழ்நாட்டை விட்டு வந்த குற்ற உணர்வில் அவளுக்கு யாழினி என்று பெயர் வைத்தோம். மலையாளத்தில் ழகரம் நலமாக இருப்பதால் இங்கே மீன்காரர் முதல் பேராசிரியர் வரை அவள் பெயரைப் பழுதில்லாமல் உச்சரிக்கிறார்கள். விருதுநகருக்குப் போனால்தான் அவள் "யாளினி" ஆகிறாள். ஆனால் அந்தப் பெயரைத் தமிழில் எழுதச் சொன்னால் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசிப்பாள். கைப்பேசியில் எனக்கு அனுப்பும் செய்திகளில் மொழி தமிழ், எழுத்து மலையாளம். "அம்மா சாப்ட்டியா" என்ற அன்பை நான் எழுத்துக் கூட்டி வாசித்துத்தான் பெற்றுக்கொள்ள வேண்டும்.

3

எங்கள் சந்தின் கோடி வீட்டில் ஜமீலாத்தா இருக்கிறார். அக்கா என்பதை இங்குள்ள முஸ்லிம் வீடுகளில் இத்தா என்பார்கள். அவர் குடும்பம் தலைமுறைகளுக்கு முன் பாலக்காட்டிலிருந்து வந்தது. வீட்டுக்குள் தமிழ், வாசலில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். கணவர் இல்லை. மகன்கள் இருவரும் குவைத்தில். தொழில், கல்யாணத் தரகு. மட்டாஞ்சேரியிலிருந்து ஆலுவா வரை எந்த வீட்டில் எந்தப் பெண் எந்த வகுப்பில் படிக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். இந்தக் கட்டுரையில் தம்மைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். "தாராளமா எழுதுங்க. பேர மாத்திராதீங்க, தொழிலுக்கு நல்லது" என்றார். கேட்டுக்கொண்டபடி பெயரை மாற்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவர் வந்தார். தொழிலுக்குக் கொண்டுபோகும் பழுப்பு உறை கையில் இருந்தது.

"டாக்டரே, இதொண்ணு நோக்கித் தரணும்" என்று உறைக்குள் கைவிட்டு ஒரு படத்தை நீட்டினார். மீசை வைத்த இளைஞன், பின்னணியில் உயர்ந்த கட்டடங்கள். உள்ளறையில் யாழினி படித்துக்கொண்டிருந்தாள். நான் எச்சரிக்கையானேன்.

"யாருக்கு இத்தா?"

"அய்யோ, ஆள் மாறிப்போச்சு. இவன் பெரும்பாவூர் பார்ட்டி." படத்தைப் பிடுங்கி உள்ளே தள்ளிவிட்டு, கைக்குட்டையில் சுற்றிய இரண்டு கண்ணாடிச் சில்லுகளையும் மடித்த ஒரு தாளையும் எடுத்து வைத்தார்.

தாளில் அவர் பெயர் இருந்தது. நாக்கில் புற்று என்றிருந்தது. வருகிற வியாழக்கிழமை நாக்கின் பாதியை எடுப்பதாக ஏற்பாடு.

"எந்தப் பாதின்னு கேட்டேன். எடது பாதியாம்" என்றார். "நான் பொய் சொல்லுறது எந்தப் பாதியாலன்னு தெரிஞ்சா, அத எடுத்துக்கோங்கன்னு சொல்லிருவேன்." சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

"ஆர்ட்டயும் சொல்லல கேட்டோ. மோன்மாருகிட்டயும் சொல்லல. வேலய விட்டுட்டு ஓடி வந்துருவாங்க. பின்னே, சீக்குக்காரி கொண்டு வந்த சம்பந்தம்னா எந்த வீட்டுல வாங்குவாங்க? பாதி நாக்க வெச்சுட்டு நான் எப்படி டாக்டரே ஒரு பொண்ணப் பத்தி நாலு நல்ல வார்த்த சொல்லுவேன்?"

நெடுநாள் கழித்து ஒரு நோயாளியை நாக்கை நீட்டச் சொன்னேன். இடது ஓரத்தில் பட்டாணி அளவில் ஒரு மேடு. கெட்டியாக இருந்தது, ஆனால் புண்ணில்லை. புகையிலை, வெற்றிலை எதுவும் கிடையாது. கெட்ட பழக்கம் என்றால் சாயா மட்டும்தானாம்.

"சதை எடுத்தபோது வலித்ததா?"

"மரத்துப்போச்சு, வலியெல்லாம் இல்ல. ஆனா அந்தச் சின்ன டாக்டர் நாக்கத் துணியில புடிச்சு இழுத்துட்டே இருந்தான். பக்கத்துல நின்ன நர்ஸ் கொச்சுக்கு இன்னும் கல்யாணமாகலயாம். ஊரு எதுன்னு கேக்கலாம்னு நாக்க உள்ள இழுத்தேன். அந்நேரம் பாத்து அவன் கிள்ள, மேலாக் கொஞ்சம் வந்துச்சு. போதும்னு விட்டுட்டான்."

"நீங்கள் ஊரைக் கேட்டீர்களா?"

"பின்னே கேக்காமயா? ஆலுவா. நல்ல குடும்பம்."

4

மறுநாள் சில்லுகளை நுண்ணோக்கியில் வைத்தேன். முதல் அறிக்கை எழுதியவர்மேல் எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. நாக்கின் மேல்தோல் விரல் விரலாகக் கீழ்நோக்கித் துளைத்துக்கொண்டு இறங்கியிருந்தது. புற்று இறங்கும் கோலமும் அதுவே. ஆனால் துண்டின் அடி ஓரத்தில், சதை முடிந்துபோகும் எல்லையில், ஐந்தாறு பெரிய செல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. இளஞ்சிவப்பு நிறம், சின்னஞ்சிறு கரிய மையம், வயிறு முழுக்க ரவையை நெய்யில் வறுத்துக் கொட்டினாற்போல் மணி மணியாக.

அப்படிப்பட்ட செல்களால் ஆன ஓர் அபூர்வக் கட்டி உண்டு. மணிச்செல் கட்டி என்று எனக்குள் பெயர் வைத்திருக்கிறேன். நரம்பின் உறையில் பிறப்பது, நாக்கில் குடியிருப்பது அதற்கு மிகவும் விருப்பம். பெரும்பாலும் யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாது. ஆனால் தான் ஒன்றும் செய்யாமல், தனக்கு மேலிருக்கும் தோலைத் தூண்டிவிட்டு அதைப் புற்றைப்போல ஆட்டம் போட வைக்கும். பெரிய குடும்பங்களில் இந்தச் சுபாவமுள்ளவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். சண்டை போட்டவர்களைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். கீழே அமைதியாக உட்கார்ந்திருப்பவரை யாரும் பார்ப்பதில்லை.

ஜமீலாத்தாவை அழைத்து விளக்கினேன். மேலாகக் கிள்ளியதால் மேல்தோல் மட்டுமே வந்திருக்கிறது, அடியில் இருப்பது சரியாக வரவில்லை என்றேன்.

"பையன் போட்டோவ மட்டும் பாத்து நிக்காஹ் வெச்சுட்டாங்கன்னு சொல்லுங்க."

"ஏறக்குறைய."

"அப்ப வீட்டுக்குள்ள போயி விசாரிக்கணுமே?"

விசாரிக்க மெழுகுக் கட்டை வேண்டும். அது முதலில் சோதித்த மருத்துவமனையில் இருந்தது. நோயாளியின் விண்ணப்பம், அடையாள அட்டையின் நகல், துறைத் தலைவரின் ஒப்புதல் ஆகியவை தேவை. துறைத் தலைவர் விடுப்பில் இருந்தார், அவர் இடத்தில் இருந்தவர் கூட்டத்தில் இருந்தார். விண்ணப்பம் எந்த மொழியிலும் இருக்கலாம் என்றார் கவுண்டரில் இருந்த பெரியவர். மலையாளத்தில் இருந்தால் வாசிக்க ஒரு சுகம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

யாழினியிடம் சொன்னேன். ஒரே மூச்சில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாள். அந்தப் பெரியவர் அதை ஒருமுறை வாசித்தார். பிறகு பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு உரக்க வாசித்துக் காட்டினார். "ஆரா எழுதியது?" என்றார். "என் மகள்" என்றேன். "மேடம் தமிழல்லே?" என்று என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தாமே எழுந்து கூட்ட அறைக்குப் போய் ஒப்புதல் வாங்கி வந்தார். என் மகள் தமிழிலிருந்து நழுவிப் போகிறாள் என்று எத்தனையோ மாலைகளில் நான் கலங்கியதுண்டு. அன்று அவள் நழுவிப் போன இடத்திலிருந்தே ஒரு கை நீட்டி மெழுகுக் கட்டையை வாங்கிக் கொடுத்தாள். அதைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன், முடிவு எதற்கும் வரவில்லை.

5

எங்கள் கூடத்தில் சீவும் வேலை ஷிபுவுடையது. சேட்டன், அதாவது அண்ணன், என்று எல்லாரும் அழைத்தாலும் வயது முப்பதுக்குள். கட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இதில அதிகம் இல்ல மேடம். நகம் வெட்டிய கணக்கா இருக்கு. ஆழத்துக்குப் போணும்னா மேல உள்ளத களையணும். களஞ்சா தீர்ந்நு போகும்."

அதுதான் சங்கடம். ஆழத்தில் இருப்பதைப் பார்க்க, மேலே இருப்பதைச் சீவி எறிய வேண்டும். எறிந்த பிறகு அடியில் ஒன்றும் இல்லையென்றால், கையில் இருந்த சான்றும் போய்விடும். மறுபடி நாக்கில் சதை எடுக்கலாம். ஆனால் வியாழக்கிழமை அறுவையை நிறுத்துங்கள் என்று சொல்வதற்கு என்னிடம் ஐந்தாறு செல்கள்தான் இருந்தன. அவற்றை நம்பி நான் தடுத்து, அது மெய்யாகவே புற்றாக இருந்தால், ஜமீலாத்தாவின் நாட்களைத் தின்றவள் ஆவேன். தடுக்காமல் விட்டு, அது புற்றில்லை என்றால், ஒரு பட்டாணிக்காக அவருடைய பாதிப் பேச்சைப் பறித்ததற்கு நானும் உடந்தை.

"சீவுங்கள்" என்றேன்.

ஷிபு மூச்சைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றத் தொடங்கினார். கட்டையோடு என்னுடன் வந்து கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த ஜமீலாத்தாவுக்கு இந்த மௌனம் பிடிக்கவில்லை.

"மோனே, ஷிபு மோனே! ஒனக்கு வயசெத்தரயாச்சு?"

ஷிபுவின் கை சக்கரத்தில் நின்றது.

"இத்தா," என்றேன், "உங்கள் நாக்கு இப்போது அவர் கையில் இருக்கிறது. கொஞ்சம் பேசாமல் இருங்கள்."

"நம்ம ஆளுங்களுக்கு இல்ல டாக்டரே. எடப்பள்ளில ஒரு நசராணிக் கிறிஸ்தியானிக் குடும்பம், நல்ல பொண்ணு. அதான் கேட்டேன்."

"இத்தா!"

"செரி, செரி. மிண்டல."

நாலு சீவல்கள் கிடைத்தன. ஐந்தாவதில் வெறும் மெழுகு வந்தது. சாயமேற்றி எடுத்து வந்து ஷிபு என் மேசையில் வைத்துவிட்டு, வழக்கமாகப் போய்விடுபவர், அன்று போகாமல் நின்றார்.

முதல் சீவலில் மேல்தோலின் விரல்களே தெரிந்தன. இரண்டாவதில் அந்த விரல்களுக்கிடையே இளஞ்சிவப்பு எட்டிப் பார்த்தது. மூன்றாவதும் நான்காவதும் திருவிழாக் கூட்டம். தோள் உரசிக்கொண்டு வரிசை வரிசையாக மணிச்செல்கள். மறுநாள், நான்காவது சீவலின் சாயத்தைக் கழுவிவிட்டு நரம்பின் உறைக்குரிய தனிச் சாயத்தை ஏற்றியபோது அத்தனையும் காப்பிக் கொட்டை நிறத்துக்கு மாறி நின்றன. எனக்கு இருந்த சந்தேகம் விலகியது.

ஜமீலாத்தா தாமும் பார்க்கவேண்டும் என்றார். நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணைப் பொருத்தும் இடத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"இவந்தானா?"

"இவன்தான்."

"நல்ல நெறம். ஆளும் கொழுகொழுன்னு இருக்கான்." தலையை நிமிர்த்திக்கொண்டார். "ஆனா நம்ம குடும்பத்துக்குச் செரிப்படாது. எடுத்துரச் சொல்லுங்க."

6

முதல் அறிக்கையில் கையெழுத்திட்ட, என் துறையையே சேர்ந்த இளம் மருத்துவரை அழைத்தேன். வந்தார், இரண்டு பேர் ஒருசேரப் பார்க்கும் நுண்ணோக்கியின் மறுபுறம் அமர்ந்தார், நாலு சீவல்களையும் பார்த்தார். அவர் முகம் வாடியது. உங்களிடம் வந்த துண்டை மட்டும் பார்த்திருந்தால் நானும் அதையே எழுதியிருப்பேன் என்றேன். உபசாரத்துக்குச் சொல்லவில்லை. அவரே தமது அறிக்கையைத் திருத்தி அனுப்பினார்.

தொலைபேசியில் அறுவை மருத்துவர் சுலபமாக விடவில்லை.

"உறப்பாணோ மேடம், நிச்சயம்தானா? மேல்தோலில் நிஜமாகவே புற்று ஒளிந்திருந்தால்?"

"இருந்தால் முழுக் கட்டியையும் பார்க்கும்போது தெரிந்துவிடும். வியாழக்கிழமை கட்டியை மட்டும், சுற்றிலும் கொஞ்சம் விட்டு எடுங்கள். ஒரு துணுக்கு விடாமல் நான் பார்க்கிறேன். இருந்தால் பாதி நாக்கை அப்புறம் எடுக்கலாம். எடுத்த பாதியைத் திருப்பி ஒட்ட முடியாது."

எதிர்முனையில் தாள் புரட்டும் ஓசை கேட்டது. பிறகு, "செரி" என்றார்.

வியாழக்கிழமை கட்டி மட்டும் வந்தது. நாக்கு, அதன் உடைமைக்காரியிடமே இருந்தது, மூன்று தையல்களுடன். சில நாட்கள் பேசக்கூடாது என்று உத்தரவு. தலைசுற்றி விழுந்ததில் நாக்கைக் கடித்துக்கொண்டார் என்று சந்தில் ஒரு செய்தி பரவியது. பரப்பியது யார் என்று சொல்லத் தேவையில்லை. வாயைத் திறக்காமலே எப்படிப் பரப்பினார் என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்காதது. கோடி வீட்டிலிருந்து குரல் வராத அந்த நாட்களில், அதுவரை அங்கே மீன் விலை பேசப்படுவதைக் கேட்டே என் சமையலைத் தீர்மானித்துவந்தேன் என்பதை உணர்ந்தேன்.

கட்டியை ரொட்டித் துண்டுகளைப்போல அறுத்து, முழுவதையும் மெழுகில் புதைத்து, எல்லாச் சில்லுகளையும் பார்த்தேன். பார்த்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன். தெரிந்தவரின் உடலைப் பார்க்கும்போது என் கண்ணை நானே நம்புவதில்லை. மேல்தோல் வெறும் ஆட்டம்தான் போட்டிருந்தது. புற்று எங்கும் இல்லை. கட்டி சுத்தமாக வெளியே வந்திருந்தது.

பேசலாம் என்று மருத்துவர் அனுமதித்த அன்று மாலை ஜமீலாத்தா பரிசோதனைக்கூடத்துக்கே வந்தார். சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. முக்காட்டைச் சரிசெய்தார், என் மேசைமேல் கிடந்த பேனாவை நேராக வைத்தார், எழுந்துகொண்டார். படகுத்துறை வரைக்கும் பேசவில்லை. படகு கிளம்பிக் காயலின் நடுவுக்கு வரும்வரை பேசவில்லை. நாக்கில் ஏதும் தவறாகிவிட்டதோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு அவர் கைப்பேசியை எடுத்துக் குவைத்துக்கு அழைத்தார். பெரிய மகன். நடந்ததையெல்லாம் ஆதியிலிருந்து சொன்னார், குரல் சற்றுத் தடித்திருந்தாலும் ஒரு விவரம் குறையாமல். புற்று என்றது, பாதி நாக்கு என்றது, வியாழக்கிழமை, தையல், எல்லாம். சொல்லி முடித்ததும் எதிர்முனை வெடித்தது. எங்ககிட்ட ஏன் சொல்லல, நாங்க இருக்கோமா செத்தோமா, தனியா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கா பெத்து வளத்தீங்க என்று அந்த மகன் அழுதுகொண்டே திட்டுவது பக்கத்து இருக்கைகளுக்கும் கேட்டது. ஜமீலாத்தா கைப்பேசியைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். பிறகு என் கையில் திணித்தார்.

"நீங்க பேசுங்க டாக்டரே. எனக்கு நாக்கு வய்யா."

"உங்களுக்குத்தான் பேச அனுமதி கொடுத்துவிட்டார்களே!"

"அவனுக்கு அது தெரியுமா?"

என் தொழிலில் நான் பொய் எழுதியதில்லை. ஆனால் படகில் வைத்துச் சொல்லும் வாய்மொழி அறிக்கைக்கு அந்த விதி பொருந்துமா என்று யோசிப்பதற்குள் கைப்பேசி என் காதில் இருந்தது. "தம்பி, அம்மா நலமாக இருக்கிறார். ஆனால் இப்போதைக்கு அதிகம் பேசக்கூடாது" என்றேன். அவன் விம்மலை அடக்கிக்கொண்டு, "அவங்களப் பேச விடாதீங்க டாக்டர், ப்ளீஸ்" என்றான்.

நான் திரும்பிப் பார்த்தபோது பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. ஜமீலாத்தா இரண்டு வரிசை முன்னால் போய், தோள்பையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் அருகே இடம்பிடித்து, வீடு எங்கே, வாப்பாவுக்கு என்ன வேலை, மூத்தவளுக்கு முடிந்துவிட்டதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். எஞ்சின் இரைச்சலையும் மீறி அந்தக் குரல் படகெங்கும் நிறைந்தது.

"டாக்டர்," என்றான் குவைத்திலிருந்து அந்த மகன், "அங்க பேசுறது யாரு?"